மலைக்குச் செல்லாத தவக்காலம்

தவக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் இல்லத்தில் இரண்டு வேலைகள் ஒருங்கே தொடங்கும். ஒன்று, ரப்பர் தோட்டங்களில் வைத்திருக்கும் தேன்பெட்டிகளைத் திறந்து தேன் எடுப்பது. மற்றொன்று, குருசுமலைக்கு நடப்பதற்கு ஆயத்தமாவது. எங்கள் தகப்பனாருக்கு இவ்விரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகவே தோன்றின. முதல் தேனில் ஒரு குப்பி எடுத்து வைத்துவிட்டு, "இது மலைக்கு" என்பார். நாங்கள் மூவரும் அதைக் குறித்து வெகுகாலம் ஒன்றும் கேட்டதில்லை. மலைமீதுள்ள சிலுவைக்குத் தேன் படைக்கும் வழக்கம் ஏதும் இல்லை என்பதையும், அந்தக் குப்பி மலையடிவாரத்தைத் தாண்டியதே இல்லை என்பதையும் நாங்கள் கவனித்தோமில்லை. பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொண்டே இருந்தும் பாராமல் இருந்துவிடுவது உலகில் புதிதன்றே.

மார்த்தாண்டத்து மக்களுக்குத் தேன்பெட்டியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பிற ஊர்களிலிருந்து இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுக்காகச் சில சொற்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்னும் கத்தோலிக்கக் குரு, நம் நாட்டுத் தேனீயின் சிற்றுடலுக்கு ஏற்ற ஒரு மரப்பெட்டியை வகுத்துத் தென்னாட்டு மக்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்கி வருகிறது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் கற்பித்தார். பின்னர் ரப்பர் மரம் பெருகிற்று. ஆண்டின் இறுதியில் இலையுதிர்க்கும் ரப்பர், புத்தாண்டு பிறந்ததும் தளிர்க்கும். அத்தளிரிலைகளின் காம்பருகே இனிய நீர் சுரக்கும். அதை நாடி எங்கள் பகுதியினர் பெட்டிகளை வண்டியேற்றித் தோட்டந்தோட்டமாகக் கொண்டுசெல்வர். தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை தேன்காலம். தவக்காலமும் ஏறக்குறைய அப்பொழுதே வருகிறது.

குருசுமலையோ, வெள்ளறடையை அடுத்துக் கேரள–தமிழக எல்லையில் நிமிர்ந்து நிற்பது. 1957-ஆம் ஆண்டில் ஜான் பாப்டிஸ்ட் என்ற கார்மேல் சபைக் குரு அங்கே மரச்சிலுவை நட்டு வைத்தார் என்பது வரலாறு. அதுமுதல் தவக்காலத்தில் மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே பாதையில் ஏறுவர். எங்கள் பக்கத்திலிருந்து அருமனை, கடையாலுமூடு, பத்துகாணி வழியே செல்வோர் பலர். கீழே ரப்பர், மேலே செல்லச் செல்லக் காடும் பாறையும், உச்சியில் காற்று. அங்கிருந்து நோக்கினால் அகத்தியமலைத் தொடர் அடுக்கடுக்காய்த் தெரியும். எங்கள் தகப்பனார் 1974-ஆம் ஆண்டில் இளைஞராய் முதன்முறை ஏறினார். அதன்பின் ஓராண்டேனும் தவறினாரில்லை.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் விபூதிப் புதன். அன்று அவருக்கு எழுபத்தோரு வயது. முதல் தேனை வடித்துக் குப்பியில் ஊற்றி அலமாரியில் வைத்தாயிற்று. மார்ச் மாதத்தின் நடுவில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. பள்ளிகளும் திரையரங்குகளும் பூங்காக்களும் மூடப்பட்டன. 22-ஆம் நாள் ஞாயிறன்று நாடெங்கும் மக்கள் வீட்டிலேயே இருந்தனர். 24-ஆம் நாள் நள்ளிரவு முதல் ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லை அடைபட்டது. திற்பரப்பு அருவிக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்திற்கும் எவரும் செல்லவியலாது என்றாயிற்று. குருசுமலைப் பயணமும் அவ்வாண்டு இல்லை.

எங்களுக்கு மட்டுமா இந்நிலை? சபரிமலையின் காட்டுவழியும், சதுரகிரியின் படிகளும், வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளும் ஆளரவமற்றுப் போயின. கரிமலை வழியே செல்லும் சபரிமலையின் பழைய பாதை 2021-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏப்ரல் 10-ஆம் நாள் பெரிய வெள்ளியன்று உரோமை நகரில் வழக்கமாகக் கொலோசியத்தில் நடைபெறும் சிலுவைப்பாதை, அவ்வாண்டு வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு நடைபெற்றது. உலகமே தன் பாதைகளை மூடிக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்தது.

காட்டுப்பாதையை மூடியதற்கு இன்னுமொரு காரணமும் இருந்தது. ஏப்ரல் 5-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு புலிக்குக் கொரோனாத் தொற்று இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மனிதரிடமிருந்து புலிக்குச் சென்ற தொற்று அது. மறுநாளே நம் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகம், தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மனிதரும் விலங்கும் நெருங்குவதைக் குறைக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அச்சம் வீணன்று என்பது அடுத்த ஆண்டிலேயே புலனாயிற்று. 2021 ஜூன் 3-ஆம் நாள் சென்னையை அடுத்த வண்டலூரில் ஒரு பெண் சிங்கம் இறந்தது. அதற்கும் உடனிருந்த சிங்கங்களுக்கும் தொற்று காணப்பட்டது. முதுமலை தெப்பக்காட்டு யானைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். காட்டிலிருந்து நமக்கு நோய் வருமென்று அஞ்சியே பழகியவர்கள் நாம். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து, மனிதருக்கும் காய்ச்சல் பரவியபோது அவ்வச்சம் மெய்யாயிற்று. ஆனால் நம்மிடமிருந்து காட்டுக்கும் நோய் போகக்கூடும் என்பதை 2020 நமக்குக் கற்பித்தது.

இவற்றையெல்லாம் இன்று நிதானமாய் எழுதுகிறோம். அன்று எங்களுக்கு இந்த நிதானம் இல்லை.

எங்களுள் இளையவன் துடிப்புள்ளவன். அப்பாவின் நாற்பத்தாறு ஆண்டு ஒழுங்கு அறுபடுவதை அவனால் பொறுக்க முடியவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய மாலையில் ஒரு திட்டத்துடன் வந்தான். பெரிய பாதையில்தான் தடை; ரப்பர் தோட்டங்களுக்கு ஊடே பால் வெட்டுவோர் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் பல உள. தேன்பெட்டி பார்க்கப் போகிறோம் என்றால் வழியில் எவரும் மறிக்கமாட்டார்கள். விடியுமுன் புறப்பட்டால் வெயிலேறுமுன் உச்சி. திறந்த மலை, வீசும் காற்று, உடன் ஓர் ஆளும் இல்லை. இதில் யாருக்கு என்ன கேடு என்றான். அவன் சொன்னது எங்களுக்கு நியாயமாகவே பட்டது. நாங்கள் மூவரும் அப்பாவின் முகத்தையே நோக்கினோம்.

அவர் உடனே விடை கூறவில்லை. அலமாரியிலிருந்த குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா மக்களே?" என்றார். பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு செய்தியைச் சொன்னார்.

1991, 1992 ஆண்டுகளைத் தேனீ வளர்த்த எவரும் மறக்கமாட்டார். தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீக்களைத் தாக்கிற்று. முதலில் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அப்பெயர். அடையின் அறைக்குள் வளரும் புழு, கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பையைப் போலாகித் தலைநிமிர்ந்தபடியே இறந்து கிடக்கும். இறந்த புழுவை வெளியேற்றித் துப்புரவு செய்யும் வேலைக்காரத் தேனீ, தான் நோயுற்றதாகத் தோன்றாமலே வைரஸைச் சுமந்து, அடுத்த புழுவுக்கு ஊட்டும் உணவோடு அதையும் ஊட்டிவிடும். மருந்து கிடையாது. குமரி மாவட்டத்துப் பெட்டிகளில் பெரும்பகுதி வெறும் மரப்பெட்டிகளாயின. தேன் விற்ற பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் கூலி வேலைக்குச் சென்றன. அந்நாளில் நாங்கள் சிறுபிள்ளைகள். முற்றத்தில் அடுக்கிக் கிடந்த வெற்றுப் பெட்டிகளில் ஒளிந்து விளையாடியது மட்டுமே எங்கள் நினைவில் நின்றது.

அப்பா சொன்னது இது. 1992-இன் தொடக்கத்தில் ஊரில் நோய் பரவுகிறதென்ற பேச்சு எழுந்தது. எங்கள் பெட்டிகளில் இரண்டு மெலிந்திருந்தன. ஏனையவை நலமாய்த் தோன்றின. மலைக்காற்று பட்டால் தப்பிவிடும் என்றெண்ணி, நல்ல பெட்டிகள் நாற்பதையும் ஓரிரவில் லாரியிலேற்றிக் குருசுமலை அடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வைத்தார். அங்கே பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் குடிசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். ஆண்டுதோறும் மலையேறும்போது மோர் கொடுத்துப் பழகியவர். அவருடைய ஒரு பெட்டி வலுவிழந்திருப்பதைக் கண்டு, நட்பின் மிகுதியால் அப்பா தம் பெட்டியிலிருந்து புழு அடை உள்ள சட்டங்கள் இரண்டை எடுத்து அதில் வைத்துக்கொடுத்தார். தேனீக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிதான் அது. பங்குனி முடியுமுன் அந்தப் பன்னிரண்டு பெட்டிகளும் காலியாயின. அடுத்து எங்கள் நாற்பதும் போயின.

"நல்லா இருக்குன்னு நெனச்சுத்தான் கொண்டு போனேன். பார்க்க நல்லாத்தான் இருந்தது. நாம எதைச் சுமந்துட்டுப் போறோம்னு நமக்கே தெரியாது மக்களே" என்றார் அப்பா.

தம் பெட்டியிலிருந்தே நோய் வந்திருக்கும் என்பதை அவர் அம்மனிதரிடம் மறைக்கவில்லை. அவரும் குறை சொல்லவில்லை. தேனீக்கு வந்த சீக்குக்கு மனுசன் என்ன செய்வான் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவ்வாண்டு அவர் மகளின் திருமணம் தள்ளிப்போனதை அப்பா அறிவார். அம்மனிதர் காலமாகிப் பல ஆண்டுகளாயின. அவருடைய மனைவி அதே குடிசையில் இருக்கிறார். நாங்கள் ஆண்டுதோறும் நின்று மோர் குடிக்கும் அம்மச்சி அவரே. குப்பி அவருக்குத்தான்.

"நீ சொன்ன பால்வெட்டுப் பாதை அந்த வீட்டு நடையைத் தொட்டுத்தான் போகுது. உன்னைக் கண்டா அவ சும்மா விடுவாளா? கையைப் பிடிச்சு உட்கார வைப்பா. அவளுக்கு மூச்சு முட்டினா எந்த ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு போவா, வண்டி ஓடாத நாள்ல?" என்று கேட்டார்.

எங்களிடம் விடை இல்லை. இளையவன் எழுந்து சென்று முற்றத்தில் நின்றான். அன்றிரவு அவனிடம் எவரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டு விளையிலேயே சிலுவைப்பாதை செய்தோம். தென்னையும் பலாவும் ரப்பரும் கலந்த அவ்விளையில் பதினான்கு மரங்களில் ஓலையால் சிறு சிலுவை முடைந்து கட்டினான் இளையவன். அப்பா மலைக்குக் கொண்டுசெல்லும் அதே கோலை ஊன்றி நடந்தார். ஏழாம் நிலை, தேன்பெட்டிகள் இருந்த இடத்தருகே வந்தது. தேனீக்களுக்கு ஊரடங்கு இல்லை. அவை போய் வந்துகொண்டிருந்தன.

அந்த வாரத்தில் அப்பா எங்களுக்கு இன்னொன்றையும் சொன்னார். நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததே அதற்காகத்தான்.

சாக்புரூட் நோய்க்கு மருந்து இல்லையென்றாலும் ஓர் உபாயம் உண்டு. ராணித் தேனீயைப் பிடித்து ஒரு சிறு கூண்டில் அடைத்து, அந்தக் கூண்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். ராணி முட்டையிட இடமில்லை, புதுப்புழு தோன்றாது, புழு இல்லாவிடில் வைரஸ் பெருகுவதற்கு இடமில்லை. இதற்கிடையே வேலைக்காரத் தேனீக்கள் இறந்த புழுக்களை அகற்றி அறைகளைத் துப்புரவாக்கிவிடும். குறித்த நாள்கள் கழிந்தபின் ராணியைத் திறந்துவிட்டால் கூட்டம் தழைக்கும். 1990-களின் நடுவில் மீண்டும் சில பெட்டிகளைத் தேடிப்பிடித்து வளர்க்கத் தொடங்கிய அப்பா, இம்முறையைக் கைக்கொண்டார். ஒருமுறை மூன்று பெட்டிகளில் ராணியை அடைத்தவர், வீட்டில் நேர்ந்த ஒரு துக்கத்தால் ஒன்றைத் திறக்க மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது அக்கூட்டில் நோய் இல்லை. தேனீயும் ஏறக்குறைய இல்லை. கிழத்தேனீக்கள் மாண்டுபோக, அவற்றின் இடத்தை நிரப்ப இளந்தேனீக்கள் பிறக்கவில்லை. நோயிலிருந்து காத்த கூண்டே அக்கூட்டத்தை அழித்துவிட்டது.

அதுமுதல் பெட்டியின் மூடியில் சாக்குக்கட்டியால் இரண்டு தேதிகள் எழுதுவார். ஒன்று அடைத்த நாள். மற்றது திறக்க வேண்டிய நாள். "அடைக்கிறது சரிதான். ரெண்டாவது தேதி எழுதாம அடைக்கக் கூடாது" என்பார்.

ஊரடங்கு மாதங்கள் நீண்டன. மே 7-ஆம் நாள் தமிழகத்தின் பல பகுதிகளில் அரசு மதுக்கடைகள் திறக்கப்பட்டன. நீதிமன்றத் தடையால் ஓரிரு நாளில் மூடப்பட்டு, அம்மாத நடுவில் மீண்டும் திறந்தன. செப்டம்பர் முதல் நாளன்று பெரிய ஆலயங்களுக்கும் அனுமதி கிடைத்தது. குற்றாலத்து அருவிகளில் மக்கள் குளிக்க டிசம்பர் மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. மூடிய அறைக்குள் நெருங்கி நிற்பதைவிடத் திறந்த வெளியில் தொற்று பரவுவது மிகக் குறைவு என்பதை உலகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. எனினும் காற்றோடும் இடங்கள் பல கடைசியில் திறந்தன. காற்றில்லா இடங்கள் சில முதலில் திறந்தன. அப்பா நாளிதழைப் படித்துவிட்டு, "ரெண்டாவது தேதியை எவரும் எழுதலையே" என்பார். அவர் குரலில் சினமில்லை. அந்த மூன்றாவது பெட்டியை நினைத்துக்கொள்கிறார் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.

இவ்விடத்தில் வேறொரு நாட்டின் அனுபவத்தையும் சொல்வது பொருந்தும். 2001-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஆடுமாடுகளுக்குக் கோமாரி நோய் பரவிற்று. அங்கே வயல்களையும் குன்றுகளையும் ஊடறுத்துச் செல்லும் பொது நடைபாதைகள் மக்களின் நெடுநாள் உரிமை. நடப்போரின் காலணியில் நோய் ஒட்டிச் செல்லுமென்று அஞ்சி, நோய் இல்லாத பகுதிகளிலும் அவற்றை மூடிவிட்டனர். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பாதைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததால், ஓர் ஆடுகூட வளர்க்காத சிற்றுண்டிக் கடைக்காரரும் விடுதிக்காரரும் நொடித்துப்போயினர். பின்னர் ஆராய்ந்த அரசு விசாரணை, மீண்டும் திறப்பதற்கு ஒரு வழியை வகுக்காமல் பாதைகளைப் பரவலாக மூடவிட்டது தவறு என்ற முடிவுக்கு வந்தது. மார்த்தாண்டத்துத் தேனீக்காரர் ஒருவர் பெட்டி மூடியில் எழுதி வைத்த பாடமும் அதுவே.

பாதைகளை மூடவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர் இருபத்துமூவர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் தோட்டமலைக்குச் செல்லும் காணி மக்கள் நீரைப் படகில் கடக்கிறார்கள். நோயென்றால் அதே நீரைக் கடந்து மருத்துவரிடம் வரவேண்டும். அத்தகைய குடிகள் வாழும் காட்டுக்கு, நகரத்து மூச்சைக் கொண்டுசெல்லாமல் இருப்பது அன்பின் கடமை. ஆனால் பாதை ஒன்று அடைபடும்போது அதன் சுமை எல்லோர்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. எங்களுக்கு அது ஒரு திருப்பயணம் தவறியது. அந்த அம்மச்சிக்கோ ஆண்டு முழுவதற்குமான சிறு வருமானம் தவறியது.

இதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம். உணர்த்தியவர் அப்பா. அந்த ஏப்ரல் மாதத்தில் மலைப்பக்கத்துக் கடைகளுக்கு அரிசி ஏற்றிச் சென்ற வண்டிக்காரர் ஒருவரிடம், தேன்குப்பியோடு அரிசியும் பயறும் சர்க்கரையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தனுப்பினார். கடைவாசலில் வைத்துவிடும்படியும், அம்மச்சியே எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை இது நடந்தது. தொட்டுவிடாமல் உதவவும் ஒரு வழி உண்டென்று கண்டோம். "பாதையைத்தானே அடைச்சிருக்கு" என்றார் அவர்.

2021-ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அப்பாவின் முழங்கால் இடம்தரவில்லை, படியேறினால் இளைப்பு. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அதற்குள் இரண்டாம் அலை வந்து எங்கள் தெருவிலேயே இரு வீடுகளில் துயரத்தை விதைத்துச் சென்றது. ஆகஸ்ட் மாதத்தில் ஓர் அதிகாலை, இதயம் நின்று, உறக்கத்திலேயே அப்பா இறைவனடி சேர்ந்தார். கொரோனா அன்று, முதுமை. அடக்கத்திற்கு வந்தவர் சிலரே. 2019-இல் ஏறியதுதான் தம் கடைசி ஏற்றம் என்பதை அறியாமலே அவர் சென்றுவிட்டார்.

உண்மையை மறைப்பானேன்? அடக்கம் முடிந்த இரவில் எங்களுக்குள் ஒரு கசப்பு எழுந்தது. அன்று இளையவன் சொன்னபடி அப்பாவையும் அழைத்துக்கொண்டு அந்த ஒற்றையடிப் பாதையில் போயிருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஒன்றும் நேர்ந்திராது, இன்னும் ஒருமுறையேனும் அவர் உச்சியில் நின்றிருப்பார். அதற்கு மறுமொழி சொன்னவன் இளையவனே. "ஒண்ணும் நேர்ந்திருக்காதுதான். ஆனா அப்பாவுக்கு அந்த வருசம் தூக்கம் வந்திருக்காது" என்றான். அதன்பின் அப்பேச்சு எழவில்லை. கசப்பு முற்றிலும் போய்விட்டதென்றும் சொல்லமாட்டோம். இரண்டாவது தேதியை யாரேனும் உரிய காலத்தில் எழுதியிருந்தால், 2020-இன் இறுதியிலாவது, முழங்கால் தளருமுன், அவர் ஒருமுறை ஏறியிருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்றும் வருவதுண்டு.

2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நாங்கள் மூவரும் மலைக்குச் சென்றோம். அப்பாவின் கோலை இளையவன் எடுத்துக்கொண்டான். அடிவாரத்தில் அம்மச்சி இருந்தார். உடல் வற்றியிருந்தது, பார்வை மங்கியிருந்தது. காலடி ஓசையைக் கேட்டு, "உங்க அப்பன் வரல்லியா?" என்றார். சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்து, பிறகு உள்ளே போய்ச் செம்பு நிறைய மோர் கொண்டுவந்தார்.

"ரெண்டு வருசமாட்டு ஒருத்தரும் வரல்ல மக்களே. மோர் கலக்கவே மறந்துபோச்சு. உப்பு கூடிப்போனா பொறுத்துக்கிடுங்க" என்றார்.

உப்பு கூடித்தான் இருந்தது. முழுவதும் குடித்தோம். குப்பியை அவர் கையில் வைத்தபோது, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது இந்த வருசத்துத் தேன்" என்றார். குடிசைக்குப் பின்னால் ஒரு தேன்பெட்டி இருப்பதை அப்போதுதான் கண்டோம். அரிசி வண்டியில் அப்பா அனுப்பி வைத்தது என்றார் அம்மச்சி. அதை எங்களிடம் அவர் சொல்லவேயில்லை. அருகே சென்று குனிந்து பார்த்தோம். வாயிலில் தேனீக்கள் நெருக்கமாய்ப் போய் வந்துகொண்டிருந்தன.

உச்சிக்கு ஏறி நின்றோம். காற்று பலமாக இருந்தது. அப்பாவுக்காக மன்றாடினோம். இறங்கும்போது எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை.

அன்பு வாசகரே, இனியும் ஒரு நாள் ஏதோவொரு பாதை அடைபடலாம். நோயாலோ, தீயாலோ, வெள்ளத்தாலோ. அப்போது அடைக்கும் அதிகாரம் உடையோர் மூடியின்மேல் இரண்டு தேதிகளையும் எழுதி வைப்பார்களாக. தேதியைத் தள்ளிப்போட நேர்ந்தால் அதையும் மக்களறிய எழுதுவார்களாக. தடுப்புக்கு இப்பால் நிற்கும் நாமோ, நம் உரிமையை எண்ணுமுன், அப்பாதையின் மறுமுனையில் குடியிருப்பவர் யாரென்று எண்ணிப் பார்ப்போம். அவரிடம் நாம் கொண்டுசெல்லக் கூடாதது எது, கொடுத்தனுப்ப வேண்டியது எது என்று இரண்டையும் கேட்டுக்கொள்வோம்.

இந்த ஆண்டும் முதல் தேனில் ஒரு குப்பி எடுத்து வைத்திருக்கிறோம்.